கடல் நீரில் ஆப்ப சோடா

சீனப் புத்தாண்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே சைனாடவுனில் நடக்க இடம் இருக்காது. டிரெங்கானு ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட் பக்கம் உலர்பொருள் கடைக்காரர்கள் காளான், சிப்பி, நத்தை, பேரீச்சை என்று தட்டுத் தட்டாகக் குவித்து வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவே கன்னங்கரேலென்று, சீப்புப் படாத தலைமுடியைச் சுருட்டி வைத்ததுபோல் ஒரு பொருள் பொட்டலத்தில் இருக்கும். அதன் பெயர் ஃபாட் சோய். நம்மவர்கள் பெரும்பாலும் ஏதோ வேர் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள்.

எங்கள் மாடியில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் சீன ஆன்ட்டி, புத்தாண்டுக்குப் புத்தாண்டு அதை உலர்ந்த சிப்பியோடு சேர்த்துச் சிறுதீயில் வேகவைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார். அந்தப் பதார்த்தத்தின் பெயரைக் கன்டனீஸில் சொன்னால் ‘நல்லது நடக்கட்டும், பணம் பெருகட்டும்’ என்ற வாழ்த்துப்போல் காதில் விழும். அதற்காகவே சாப்பிடுகிறார்கள். ருசி என்று கேட்டால், முடிக்கு என்ன ருசி இருக்குமோ அதுதான். குழம்பின் சுவையை இழுத்து வைத்துக்கொள்ளும், அவ்வளவே.

உண்மையில் அது ஒரு நுண்ணுயிர். நீலப்பசும்பாசி என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்களே, அந்த இனம். ஒவ்வொரு ‘முடி’க்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற செல்கள் மணி கோத்ததுபோல் இருக்கும். சீனாவின் வடக்கு, வடமேற்குப் பாலைநிலங்களில் தரையோடு ஒட்டி வளர்கிறது. வாரி எடுக்க எடுக்க அங்கே மண் அரித்துப் போனதால், 2000ஆம் ஆண்டில் சீன அரசு அதைச் சேகரிப்பதற்கும் விற்பதற்கும் தடை போட்டது. மாவில் திரித்த போலியும் சந்தைக்கு வருகிறது என்பதால் ஆன்ட்டி வெந்நீரில் போட்டுப் பார்த்துத்தான் நம்புவார்.

இந்த நிலத்துப் பாசியின் உறவுக்காரர்கள் கடல் முழுக்க மிதக்கிறார்கள். கிண்ணத்தில் அதோடு கிடக்கும் சிப்பி, உயிரோடு இருந்தபோது கடல்நீரை வடிகட்டி, அப்படி மிதக்கும் பாசிகளைத் தின்றே வளர்ந்தது. அந்தக் கடல்வாசிகளைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சமையல் இல்லை. என் அக்கா மகனின் சேமிப்புப் பணம்.

அவனுக்கு வயது 28. ராஃபிள்ஸ் பிளேஸில் வேலை. திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, பிடிஓ வீட்டுக்கும் பதிந்திருக்கிறார்கள். முன்பணத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததில் 20,000 வெள்ளியை எடுத்து ஒரு புதிய நிறுவனத்தில் போடலாமா என்று கேட்டு வந்தான். கடலில் நுண்பாசி பெருகும்படி செய்வார்களாம். அது உறிஞ்சும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு, கார்பன் கிரெடிட்டாக விற்பார்களாம். “சித்தி, முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவங்க நீங்க. இது நடக்குமா நடக்காதா, அதை மட்டும் சொல்லுங்க” என்றான்.

கேட்பதற்கு நியாயமான வியாபாரம்தான். சிங்கப்பூரில் பெரிய ஆலைகள் வெளியேற்றும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் கரிம வரி உண்டு. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கியது, 2024இல் 25 வெள்ளியானது, 2026இலிருந்து 45 வெள்ளி. வரிக்குரிய வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை வெளிநாட்டு கார்பன் கிரெடிட் வாங்கி ஈடுகட்டிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. வாங்க ஆள் இருக்கும்போது விற்க ஆள் வருவது இயல்பு.

அவன் கொண்டுவந்த கையேட்டின் முதல் பக்கத்தில், பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில் நடக்கிறது என்று போட்டிருந்தது. இது சரியான தகவல். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 1998இல் வெளியான ஒரு கணக்கு, உலகத் தாவரங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 10,500 கோடி டன் கரிமத்தை உடலாக்குகின்றன என்றும், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கடலில் நடக்கிறது என்றும் சொன்னது. இத்தனைக்கும் கடலின் நுண்பாசிகளை எல்லாம் வாரி எடுத்து நிறுத்தால், நிலத்து மரஞ்செடிகொடிகளின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஈரச்சந்தைக் கீரைக் கடையைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் சரக்கு கொஞ்சம்தான், ஆனால் தினம் காலியாகித் தினம் நிறையும். மரம் தன் கரிமத்தை நூறு ஆண்டு வைத்திருக்கும். நுண்பாசியின் ஆயுள் சில நாள்.

கையேட்டின் இரண்டாம் பக்கத்தில்தான் எனக்கு இடித்தது. ‘பாசி கடலில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது’ என்று ஒரே வரி, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. ஏதோ வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதுபோல. அந்த ஒரு வரிக்குள் இருக்கும் பாடு கொஞ்சநஞ்சமில்லை.

கடலில் கரிமத்துக்குப் பஞ்சமே கிடையாது. காற்றில் இருப்பதைப்போல் 40 மடங்குக்கும் மேல் அங்கே கரைந்து கிடக்கிறது. ஆனால் அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பைகார்பனேட்டாக இருக்கிறது. பைகார்பனேட் என்றதும் பயப்பட வேண்டாம், நம் வீட்டு ஆப்ப சோடா அந்தக் குடும்பம்தான். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் கரைந்துவிடும். எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால்தான் பொங்கும். அந்தப் பொங்கலில் வெளியே வருவதுதான் கரியமில வாயு. கடலில் எலுமிச்சை பிழிய யாரும் இல்லை. கடல்நீர் இலேசாகக் காரத்தன்மை உள்ளது என்பதால் கரிமம் பைகார்பனேட்டாகவே அடைந்து கிடக்கிறது. வாயுவாகவே கரைந்திருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நம்மூர்க் கடல்போல் வெதுவெதுப்பான நீரில் அது இன்னும் குறையும். குளிர்ச்சி போன சோடா பாட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

பாசிக்கு வேண்டியது அந்த ஒரு பங்குக்கும் குறைவான வாயு. ஏனென்றால், கரிமத்தைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கி வைக்கும் ருபிஸ்கோ என்ற நொதி பைகார்பனேட்டைச் சீண்டாது. கரியமில வாயுவாகவே வந்தால்தான் எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, நீருக்குள் அந்த வாயு காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. செல்லைச் சுற்றி இருந்ததை எடுத்துவிட்டால் அடுத்தது வந்து சேரக் காத்திருக்க வேண்டும்.

ருபிஸ்கோவைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், மனத்தளவில்தான். அங்கே ஒரு கடையில் வயதான அங்கிள் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கைப்பக்குவம் அவருடையது, வேறு யாராலும் முடியாது. ஆனால் மகா நிதானம். நொதிகள் பல நொடிக்கு ஆயிரக்கணக்கில் வேலை முடிக்கும் உலகத்தில் ருபிஸ்கோ நொடிக்கு மூன்று முதல் பத்து வரைதான் முடிக்கும். மேலும் அங்கிளுக்குக் கண் பார்வை மங்கல். கரியமில வாயு என்று நினைத்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வார். பிறகு அந்தத் தவற்றைச் சரிசெய்யத் தனிச் செலவு. இந்த நொதி உருவான காலத்தில் காற்றில் கரியமில வாயு ஏராளம், ஆக்சிஜன் இல்லவே இல்லை. அன்றைக்கு இந்தப் பார்வைக் கோளாறு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. உலகம் மாறியது, அங்கிள் மாறவில்லை.

அப்படியென்றால் கடையை எப்படி ஓட்டுவது? சரியான வாடிக்கையாளர்களை மட்டும் கூட்டமாகக் கொண்டுவந்து அவரைச் சுற்றி நிற்க வைத்துவிட்டால், தவறான ஆள் கிட்டே வர முடியாது, அவர் கையும் சும்மா இருக்காது. நீலப்பசும்பாசிகள் செய்வது இதைத்தான். செல்லின் சவ்வில் பைகார்பனேட்டை உள்ளே இழுக்கும் பம்புகள் இருக்கின்றன. சூரிய ஒளியில் சம்பாதித்த ஆற்றலைச் செலவழித்து இழுக்கின்றன. பைகார்பனேட்டுக்கு மின்னூட்டம் உண்டு என்பதால் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் சவ்வு வழியே எளிதில் கசியாது. வாயுவாக இருந்தால் நழுவிவிடும். ஆகவே கடைசி நிமிடம் வரை பைகார்பனேட்டாகவே வைத்திருக்கின்றன. செல்லுக்குள் புரதச் சுவரால் ஆன நுண்ணிய பெட்டிகள் இருக்கின்றன, கால்பந்தைப்போல் பட்டை பட்டையாக. கார்பாக்சிசோம் என்று பெயர். அந்தப் பெட்டிக்குள்தான் ருபிஸ்கோ அத்தனையும் அடைத்துக் கிடக்கும். பைகார்பனேட் அந்தப் பெட்டிக்குள் நுழைந்த பிறகுதான் வாயுவாக மாற்றப்படுகிறது. பொங்கும் இடத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

மாற்றித் தரும் நொதியின் பெயர் கார்பானிக் அன்ஹைட்ரேஸ். அங்கிளுக்கு நேர் எதிர் ரகம். வேகமான வகைகள் நொடிக்குப் பத்து லட்சம் முறை வரை வேலை பார்க்கும். இதே வேலையைச் செய்யும் நொதி நம் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. இந்த வரியைப் படிக்கும் நேரத்துக்குள் உங்கள் நுரையீரலில் பைகார்பனேட்டை மூச்சுக்காற்றாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த ஏற்பாட்டை எல்லாம் தூக்கிச் சுமப்பவர் எவ்வளவு பெரியவர் என்று நினைக்கிறீர்கள்? வெப்பக் கடல்களில் அதிகமாக இருக்கும் புரோக்ளோரோகாக்கஸ் என்ற உயிர், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பாதிக்குச் சற்று மேல். ஒரு மிளகின் அகலத்துக்குள் எட்டாயிரம் செல்களை வரிசையாக அடுக்கலாம். பென்னி சிஷோம் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1988இல் அறிவிக்கும் வரை அப்படி ஓர் உயிர் இருப்பதே உலகத்துக்குத் தெரியாது. நான் பள்ளியில் படித்த பாடப்புத்தகத்தில் அது இல்லை. உலகத்திலேயே எண்ணிக்கையில் மிகுந்த ஒளிச்சேர்க்கை உயிர், மனிதன் நிலவுக்குப் போய்வந்து ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்துத்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

இன்னொரு பெரிய கூட்டம் டயட்டம்கள். கண்ணாடிப் பேழைக்குள் வாழும் பாசிகள். மணலில் இருக்கும் சிலிக்காவைக் கடல்நீரிலிருந்து எடுத்து ஓடு கட்டிக்கொள்ளும். சென்னையில் எம். ஓ. பி. அய்யங்கார் பாசியியலுக்கு ஒரு பரம்பரையையே உருவாக்கிய காலத்தில், ஆர். சுப்பிரமணியன் என்ற ஆய்வாளர் சென்னைக் கடற்கரையின் மிதவை டயட்டம்களை இனம் இனமாகப் பிரித்து 1946இல் நூறு பக்கத்துக்கு மேல் ஒரே கட்டுரையாக வெளியிட்டார். மெரினாவில் சுண்டல் தின்றபடி நாம் பார்த்துக்கொண்டிருக்கும் அலையில் அத்தனை வகை. டயட்டம்களும் பைகார்பனேட்டை இழுத்து வாயுவாக்கித்தான் பிழைக்கின்றன. அவற்றின் கார்பானிக் அன்ஹைட்ரேஸுக்குப் பொதுவாகத் துத்தநாகம் வேண்டும். நடுக்கடலின் மேல்நீரில் துத்தநாகம் மிக அரிது. அதனால் ஒருவகை டயட்டம் அந்த இடத்தில் காட்மியத்தை வைத்துக்கொள்கிறது என்று 2000ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். நமக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும் நஞ்சு காட்மியம். ஓர் உயிருக்கு அது பயன்படுகிறது என்பதே வியப்பு. எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் செய்திகளில் இது ஒன்று. வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா மகன், “சரி சித்தி, கஷ்டப்பட்டாவது எடுக்குதுல்ல? காத்துல இப்ப கார்பன் அதிகமாயிட்டே போகுது. அதுக்கு வசதிதானே, வேகமா வளரும்ல?” என்றான்.

நல்ல கேள்வி. கடலில் கரையும் வாயு கூடும்போது பம்பு இறைக்கும் செலவு சில பாசிகளுக்குக் கொஞ்சம் மிச்சமாகும். ஆய்வுக்கூடத்தில் சில இனங்கள் சற்றுக் கூடுதலாக வளர்வதும் உண்டு, சில அசைந்து கொடுப்பதில்லை, சுண்ணாம்பு ஓடு கட்டும் இனங்கள் பலவற்றுக்குக் கேடாகவும் முடிகிறது. ஆனால் கடலின் பெரும்பகுதியில் பாசியின் வளர்ச்சியைக் கட்டிப்போட்டிருப்பது கரிமம் கிடையாது. நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு இவைதான். எரு போடாத தோட்டத்தில் காற்றோட்டம் நன்றாக இருந்து என்ன பயன்?

இங்கே பலரும் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள், கையேடு எழுதியவர்கள் உட்பட. மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அது பாசி கூடுதலாக வளர்ந்து வாங்குவதில்லை. காற்றில் அழுத்தம் கூடியதால் வாயு கூடுதலாகக் கரைகிறது, நீரோட்டம் அதை ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. வெறும் வேதியியலும் இயற்பியலும். பாசியின் பங்கு வேறு, அதுவும் பெரியது. காலங்காலமாக மேல்நீரிலிருந்து கரிமத்தை ஆழத்துக்கு இறக்கி, அந்தச் சமநிலையைக் காத்து வருகிறது. அது நின்றுபோனால் காற்றில் கரியமில வாயு இப்போது இருப்பதைவிடப் பத்து லட்சத்தில் 150 முதல் 200 பங்கு வரை கூடிவிடும் என்பது கணக்கு. தாங்கி நிற்கும் தூணைப் பார்த்து, இன்னும் இரண்டு மாடி கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது சரியாகுமா?

அந்த இறக்குமதியிலும் சேதாரம் அதிகம். பாசி பிடித்த கரிமத்தில் பெரும்பகுதி சில நாளிலேயே திரும்ப வாயுவாகிவிடும். இறால் குஞ்சு போன்ற நுண்விலங்குகள் தின்று மூச்சு விடும், செத்ததைப் பாக்டீரியா தின்று மூச்சு விடும். ஐந்தில் ஒன்றோ அதற்கும் குறைவோதான் சூரிய ஒளி எட்டாத ஆழத்துக்கு இறங்குகிறது. அதிலும் வழியிலேயே தின்னப்பட்டது போக, நூற்றாண்டுக் கணக்கில் அடியில் தங்குவது இன்னும் சொற்பம். விற்கத் தகுந்தது அந்தச் சொற்பம் ஒன்றுதான். பிடித்ததை எல்லாம் விற்கிறேன் என்பவன், கல்லாவுக்கு வந்ததை எல்லாம் லாபம் என்று எழுதும் கடைக்காரன்.

பாசி பெருகுவதே நல்லதுதானே என்று நினைப்பவர்களுக்கு நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2015 பிப்ரவரி கடைசியில், சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு, ஜோகூர் நீரிணையின் கிழக்குப் பகுதியில் நுண்பாசி திடீரென்று பெருகியது. வறண்ட வானிலை, தேங்கிய நீர், உரச்சத்து மிகுதி எல்லாம் கூடி வந்த நேரம். 1924இல் திறந்த கடற்பாலம் நடுவில் அணைபோல் நிற்பதால் அந்த நீரிணையில் நீர் ஓட்டமே குறைவு. 77 மீன்பண்ணைகளில் 500 முதல் 600 டன் மீன் செத்து மிதந்தது. கொடுவாவும் களவாவும் விலைக்குப் போகவேண்டிய அளவில் இருந்தவை. அதற்கு முந்தைய ஆண்டு ஆரம்பத்திலும் 160 டன் வரை போயிருந்தது. சில பாசிகள் மீனின் செவுளைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கும். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் தானும் மூச்சுவிட ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அந்த மார்ச் மாதம் சைனாடவுன் ஈரச்சந்தையில் என் வழக்கமான மீன்காரர் பண்ணை மீனே வாங்கி வைக்கவில்லை. கேட்டால் கையை விரித்தார். செலவழித்து வளர்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

திட்டமிட்டுப் பெருக்கிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2004இல் ஒரு ஜெர்மானிய ஆய்வுக் கப்பல் அண்டார்டிகாவைச் சுற்றிய தென்கடலில் இரும்பு உப்பைத் தூவியது. டயட்டம்கள் பெருகின, பிறகு செத்து, கண்ணாடி ஓட்டின் கனத்தில், பாதிக்கு மேல் ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கின. 2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து மறுபடி போனார்கள். அந்தத் திட்டத்தின் பெயர் லோஹாஃபெக்ஸ். இந்தியில் லோஹா என்றால் இரும்பு. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் கழகத்தின் வாஜிஹ் நக்வியும், இந்தியாவில் பிறந்து வளர்ந்து ஜெர்மனியில் பணியாற்றிய விக்டர் ஸ்மெட்டாசெக்கும் தலைமை தாங்கினார்கள். தென் அட்லாண்டிக்கில் 300 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் இரும்பு தூவி, ஐந்து வாரத்துக்கும் மேல் கூடவே இருந்து பார்த்தார்கள். பாசி வளர்ந்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா இல்லை. சிலிக்கா இல்லாமல் டயட்டம் எப்படி ஓடு கட்டும்? ஓடில்லாத சின்னப் பாசிகள் வந்தன. அவற்றை நுண்ணிறால்கள் தின்றன, அவற்றைப் பெரிய இறால்வகைகள் தின்றன. ஆழத்துக்குப் போனது அற்பம். அதே உரம், அதே பெருங்கடல், விளைச்சல் மட்டும் வேறு. இந்த ஆய்வை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். எதை எதிர்பார்க்கக்கூடாது என்று பணம் செலவழித்துத் தெரிந்துகொண்டு, அதை மறைக்காமல் சொன்னார்கள்.

“அப்ப போடக்கூடாதுங்கிறீங்க” என்றான் அவன். நான் அப்படிச் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்கவேண்டியதைக் கேள் என்றேன். வளர்ந்த பாசியில் எவ்வளவு மூழ்கியது, எந்த ஆழத்தில் வைத்து அளந்தீர்கள்? எத்தனை ஆண்டு அங்கேயே இருக்கும்? உரம் போட்டால் பக்கத்து மீன்பண்ணைக்கு என்ன ஆகும், அதற்கு யார் பொறுப்பு? உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதினான். நான்கு நாளில் பதில் வந்தது, எட்டுப் பக்கம், அழகான படங்களோடு. எத்தனை டன் பாசி வளரும் என்று எட்டு இடத்தில் இருந்தது. எத்தனை டன் மூழ்கும் என்று ஓர் இடத்திலும் இல்லை. அவனுக்கு வரப்போகும் பெண் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறாள். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள்கிட்ட க்யூ எவ்ளோ நீளம்னு சொல்லியிருக்காங்க, எத்தனை பிளேட் போச்சுன்னு சொல்லலையே” என்றாள். என் உவமை அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கடலை வைத்து நாணயமாகக் கணக்குச் சொல்லும் முயற்சியும் இங்கே நடக்கிறது. துவாஸில் பொதுப் பயனீட்டுக் கழகமும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகமும் அமெரிக்க நிறுவனம் ஒன்றும் சேர்ந்த திட்டம். கடல்நீரில் மின்சாரம் பாய்ச்சி, காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பைகார்பனேட்டாகவும் சுண்ணாம்புக் கல்லாகவும் மாற்றுவது. பாசி செய்வதற்கு நேர் எதிர்த் திசை என்பதைக் கவனியுங்கள். அது ஆப்ப சோடாவிலிருந்து வாயுவை எடுக்கிறது, இவர்கள் வாயுவை ஆப்ப சோடாவாக்குகிறார்கள். அந்த வடிவத்தில் கரிமம் பல்லாயிரம் ஆண்டு கடலில் தங்கும். 2024 பிப்ரவரியில் அறிவித்த ஆலைக்கு இலக்கு நாளுக்கு 10 டன், ஆண்டுக்கு 3,650 டன். சிங்கப்பூரின் வெளியேற்றமோ ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கும் மேல். பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது, மின்சாரச் செலவும் உண்டு. ஆனாலும் எவ்வளவு போனது எவ்வளவு வந்தது என்று குழாயிலேயே அளக்கலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். போன வாரம் அவன் மறுபடி அழைத்தான். நிறுவனம் முன்னோட்டத்துக்குக் காட்டியிருக்கும் இடம் நம் தென் தீவுகளுக்கு அப்பால், சிங்கப்பூர் நீரிணைப் பக்கம். “அந்தத் தண்ணி எப்படி சித்தி?”

அந்தத் தண்ணீரை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூசு தீவருகே ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்ராவின் சதுப்புக் காடுகளில் மக்கிய கரிமம் ஆறுகள் வழியாகக் கடலில் கலந்து இங்கே வந்து சேர்கிறது. தேயிலைச் சாயம்போல் பழுப்பாக இருக்கும் அது நீருக்குள் இறங்கும் ஒளியைக் குறைக்கிறது, பாசிக்கும் பவளத்துக்கும் வெளிச்சம் போதாமல் போகிறது. அந்தச் சுமத்ராக் கரிமத்தைப் பாக்டீரியாக்கள் தின்று மூச்சுவிட்டு நீரை அமிலப்பக்கம் தள்ளுகின்றன. அந்த மாதங்களில் நம் நீரிணை காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்குவதில்லை, காற்றுக்குக் கொடுக்கிறது.

இதைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான், எந்த மாதத்தில் அளந்தீர்கள் என்று கேட்டு.